பதினாலாம் நம்பர் முளை

வான்மதிக்கு இடம் பார்க்கத் தெரியும். டெக்ஸாஸின் ஃபிரிஸ்கோவில் அவளை அறிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அனுமன் ஜெயந்தி அன்று கோவிலுக்கு வருகிற கூட்டமெல்லாம் அரை மைல் தள்ளி காரை விட்டுவிட்டு நடந்து வரும். இவள் கார் உள்ளே நுழைகிற நேரத்துக்கு வாசலுக்கு நேரெதிரே ஒருத்தர் ரிவர்ஸ் எடுப்பார். அதிர்ஷ்டம் என்பார்கள். அதிர்ஷ்டமெல்லாம் இல்லை. பிரசாதக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாவியைத் தேடுகிறவர் எந்த வரிசைக்குப் போகிறார் என்று அவள் கேட்டிலேயே பார்த்துவிடுவாள்.

வீடு வாங்கும்போதும் அப்படித்தான். புது சப்டிவிஷன், நாற்பது மனை காலியாகக் கிடந்தது. மற்றவர்கள் பிளானைப் பார்த்து அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வான்மதி காலை ஏழு மணிக்கும் மாலை நாலு மணிக்குமாக மூன்று நாள் ஒவ்வொரு மனையிலும் போய் நின்றாள். விற்பனைக்காரப் பெண் கடைசியில் ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அடுத்த வருடம் ஆலங்கட்டி மழையில் தெருவே கூரை மாற்றியபோது இவள் வீட்டில் ஒரு ஓடு நகரவில்லை. கணவன் நெடுஞ்செழியன் இதைப் பெருமையாகவும் சொல்வான், கொஞ்சம் பயத்தோடும் சொல்வான்.

மீன்பிடிக்க வந்தது அவனால்தான். ஒரு கோடையில் தூண்டில் செட் ஒன்று வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஏரிக்கரையில் உட்கார்ந்து, தன் தொப்பியைத் தானே மூன்று முறை பிடித்துவிட்டு கராஜில் போட்டுவிட்டான். வான்மதி அதை எடுத்துக்கொண்டு போனாள். தூண்டிலைத் தண்ணீரில் போடவில்லை. கரையைச் சுற்றி நடந்தாள், நின்றாள், பார்த்தாள். மறுநாளும் அதேதான். நாலாவது நாள் அங்கே மீன்பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருத்தர் எழுந்து வந்து, என்னம்மா பார்க்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"காற்று அந்தப் பக்கமிருந்து வருது. மேல் தண்ணி சூடா இந்தக் கரைக்கு வந்து சேரும். நான் மீனா இருந்தா இங்கதான் இருப்பேன். நீங்க ஏன் அங்க உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் வான்மதி.

பெரியவர் பெயர் டெரெக். இங்கிலாந்திலிருந்து முப்பது வருடத்துக்கு முன் வந்தவர். அவர் ஊரில் மீன்பிடிப்பது ஒரு பந்தயம். ஏரியைச் சுற்றி நம்பர் எழுதிய முளைகளை அடித்து வைப்பார்கள். ஒரு முளைக்கு ஒரு ஆள். ஐந்து மணி நேரம் பிடித்ததை வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, எடை போட்டு, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். டெக்ஸாஸ்காரர்கள் சீண்டாத கெண்டை மீனுக்காக இருபது பேரைச் சேர்த்து அவர் ஒரு கிளப் நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய கிளப்பில் முதலில் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் ஒன்று வந்தவர் தனக்குப் பிடித்த முளையை முதலில் எடுத்துக்கொள்ளலாம், அடுத்து இரண்டு, அப்படியே இருபது வரைக்கும். ஆகவே பாதிப் பந்தயம் இடம் பார்ப்பதிலேயே முடிந்துவிடும். டெரெக் இதைச் சொல்லி முடிப்பதற்குள் வான்மதி கிளப்பில் சேர்ந்துவிட்டாள்.

அவளுக்குத் தூண்டில் வீசவே வரவில்லை. பந்து எறிகிற சின்னப் பிள்ளை மாதிரி வீசுவாள். இருந்தும் இரண்டு வருடத்தில் ஏழு பந்தயம் ஜெயித்தாள். ஓரத்து முளை கிடைத்தால் ஒரு பக்கம் ஆள் இருக்காது, அந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுக்க நமக்கு என்பதையும், நாணல் ஓரத்தில் குமிழி வந்தால் கீழே கெண்டை சேற்றைக் கிளறுகிறது என்பதையும் டெரெக் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். மிச்சத்தைத் தானே கண்டுபிடித்தாள். நெடுஞ்செழியனுக்கு ஒரே ஒரு குறை. "ஐம்பது பவுண்ட் மீனைப் பிடிச்சு ஏரியிலயே விட்டுட்டு, வர்ற வழியில கடையில ஐஸ் வச்ச வஞ்சிரம் வாங்கிட்டு வர்றா. இதை ஊர்ல சொன்னா நம்புவாங்களா?"

போன மே மாதம் கிளப்பின் பெரிய பந்தயம் வான்மதியின் வீட்டுப் பின்புற ஏரியிலேயே நடப்பதாக முடிவானது. மூன்று வாரம் அவள் ஆபீஸ் மீட்டிங்குகளை எல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கரையிலேயே நடந்தாள். எல்லோரும் கண் வைத்தது ஏழாம் முளை. எதிரே சின்னத் தீவு, தலைக்கு மேல் மர நிழல். வான்மதியின் கண் பதினாலில் நின்றது. பார்த்தால் யாருக்கும் பிடிக்காத இடம். பக்கத்தில் மழைநீர்க் குழாய், காலுக்கடியில் வாத்து எச்சம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புல்வெளி ஸ்பிரிங்ளர் முதுகை நனைக்கும். ஆனால் காலை ஏழரை மணிக்கு அங்கே தண்ணீர் கொதிக்கிற மாதிரி கெண்டைகள் கூடும்.

காரணம் ஷ்யாமளா ஆன்ட்டி. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில டீச்சராக இருந்து, ஹெட்மிஸ்ட்ரஸாக ரிடையரானவர், அதே சப்டிவிஷனில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். தினமும் முந்தின நாள் மீந்த உப்புமா, தயிர் சாதம், ஓரம் கருகிய தோசை எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் போசிப் பாத்திரத்தில் எடுத்து வந்து அங்கே கொட்டுவார். ஒரு கையில் போசி, இன்னொரு கையில் போன். போனில் வடவள்ளியில் வீடு கட்டுகிற தம்பி பசுபதி. கொட்டுகிற இருபது நிமிடமும் தம்பிக்குத் திட்டு விழும். மீனுக்குத் தீனி போடக் கூடாது என்று அசோசியேஷன் போர்டு வைத்திருக்கிறதே என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, "அதுல ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்கு. திருத்தி வைக்கட்டும், அப்புறம் கட்டுப்படறேன்" என்றார்.

பந்தய நாளில் வான்மதி சீட்டெடுத்தாள். ஒன்று வந்தது. எல்லோரும் ஏழாம் முளையைப் பார்த்தார்கள். "பதினாலு" என்றாள். டெரெக் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டாம் நம்பர் சீட்டு வந்த ராண்டி என்கிற உயரமான டெக்ஸாஸ்காரர் ஏழாம் முளையை வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து அவளுக்குத் தனியாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஷ்யாமளா ஆன்ட்டி அந்த வாரம் கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் இளைய மகன் வீட்டில் இருந்தார். அதனால் என்ன, மீனுக்கு வேண்டியது உப்புமாதானே. வான்மதி அதிகாலையிலேயே எழுந்து ஆன்ட்டி கைப்பக்குவத்திலேயே கிண்டி, ஆன்ட்டி வீட்டுப் போசியையே கடன் கேட்டு எடுத்து வந்திருந்தாள். எட்டு மணிக்கு விசில் ஊதினார்கள். உப்புமாவைக் கொட்டினாள். கொக்கியில் ஒரு மக்காச்சோள மணியைக் குத்தி எறிந்தாள்.

ஒன்பது மணியாகியும் தக்கை அசையவில்லை. பத்து மணிக்கும் இல்லை. ஸ்பிரிங்ளர் மட்டும் பன்னிரண்டு முறை வந்து போனது. ஏழாம் முளையில் ராண்டியின் வலை ஐந்து தடவை எழுந்து இறங்கியது. தோற்பது வான்மதிக்குப் பழக்கம்தான். தேர்ந்தெடுத்த இடம் பொய்த்துப்போவது இதுவரை நடந்ததில்லை. கடலை எண்ணெயா, நெய்யா என்று பக்குவத்தில் சந்தேகம் வந்து ஆன்ட்டிக்குப் போன் போட்டாள். கை ஈரமாயிருந்ததால் ஸ்பீக்கரில் வைத்து, வழுக்காமலிருக்கக் காலிப் போசிக்குள் போனை இறக்கினாள். போசியின் அடி தண்ணீரில் இருந்தது.

"ஆன்ட்டி, நீங்க உப்புமாவுக்கு என்ன எண்ணெய் ஊத்துவீங்க?"

"சனிக்கிழமை காலையில கேட்கிற கேள்வியா இது? இருபது வருஷமா குடித்தனம் பண்ற, இன்னும் உப்புமாவுக்கு எண்ணெய் தெரியலையா உனக்கு? என்ற ஸ்கூலா இருந்தா உன்னை பெஞ்ச் மேல ஏத்தியிருப்பேன்!"

போசி கணகணவென்று அதிர்ந்தது. தக்கை சட்டென்று முங்கியது.

ஒன்பது பவுண்ட் கெண்டை. அதை வலையில் ஏந்தி நிமிர்ந்தபோது ஆன்ட்டி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது முங்கியது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மீன் வந்தது உப்புமாவுக்கு இல்லை, திட்டுக்கு. வருடக்கணக்காக அந்தக் குரல் கேட்ட பிறகுதான் சோறு விழுந்திருக்கிறது.

"சரி, வச்சிடவா?" என்றார் ஆன்ட்டி.

"வேண்டாங்க ஆன்ட்டி!" வான்மதி கத்தியேவிட்டாள். "நான் இன்னொன்னும் சொல்லணும். உங்க கொலுவுக்குக் காய்ச்சல்னு சொல்லி வரலையே, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லீங்க."

அதற்கு மூன்று மீனாக இருபத்திரண்டு பவுண்ட் தேறியது. மகளைப் பாட்டுக் கிளாஸிலிருந்து நிறுத்தியதற்கு ஒரு ஏழு பவுண்ட். ஆன்ட்டி கொடுத்த மாவடுவை உப்பு என்று கொட்டியதற்கு இரண்டு மீன் ஒரே நேரத்தில் சண்டை போட்டு, ஒன்றுதான் மாட்டியது. பக்கத்து முளைக்காரர் தன் தூண்டிலை வைத்துவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்குள் வான்மதியிடம் இருந்த குற்றமெல்லாம் தீர்ந்துபோயின. யோசித்து யோசித்து, இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அப்பா இறந்தப்ப நான் ஊருக்குப் போகலீங்க ஆன்ட்டி. விசா பேப்பர் சிக்கல்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பேப்பர் சரியாத்தான் இருந்துச்சு. பயமா இருந்துச்சு, போகலை."

போசிக்குள்ளிருந்து ஆன்ட்டியின் குரல் அடியோடு மாறி வந்தது. "அழாத சாமி. உங்கப்பாவுக்குத் தெரியாதா உன்னை? சாப்பிட்டியா நீ? முதல்ல ஏதாவது சாப்பிடு."

தக்கை செத்துக் கிடந்தது. வான்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏழாம் முளையைப் பார்த்தாள். ராண்டி வலையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்த ஆறுதல் வேண்டியிருந்தது, பெருமீனும் வேண்டியிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "ஆன்ட்டி, பசுபதி அண்ணன் வீடு எந்த மட்டுல இருக்குங்க?"

"அவனைப் பத்திப் பேசாத."

"கான்ஃபரன்ஸ்ல கூப்பிடுங்களேன். நானும் விசாரிச்ச மாதிரி இருக்கும்."

வடவள்ளியில் இரவுச் சாப்பாட்டில் இருந்த பசுபதி, ஒரு பாவமும் அறியாமல் லைனில் வந்தார். அக்னி மூலையில் வர வேண்டிய சமையலறையை ஈசானிய மூலையில் வைத்துச் சுவர் எழுப்பிவிட்டதாக வாய்விட்டார். அடுத்த ஒரு மணி நேரம் பதினாலாம் முளையில் நடந்ததை கிளப்பில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தூண்டில் தண்ணீரைத் தொட்ட நொடியில் மீன். ஏரியின் மறுகரையிலிருந்தெல்லாம் நீரில் கோடு போட்டுக்கொண்டு கெண்டைகள் வந்தன. ராண்டியின் தக்கையைத் தாண்டிப் போனதை ராண்டியே எண்ணினார்.

எடை போட்டார்கள். ராண்டி எண்பத்தாறு பவுண்ட். வான்மதி நூற்று முப்பத்தொன்று. ராண்டி ஆட்சேபித்தார், அந்தப் பாத்திரத்துக்குள் இருந்த அம்மாள் யார், அவர் கிளப் உறுப்பினரா என்று. டெரெக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இரைக்கு அளவு இருந்தது, கொக்கிக்கு அளவு இருந்தது, ஆன்ட்டிகள் திட்டுவதற்கு அளவு எதுவும் இல்லை. வெற்றி வான்மதிக்கு. வீட்டுக்குப் போய் அவள் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இடம் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். காரணத்தைத்தான் தப்பாகப் பார்த்திருக்கிறாள். அது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

மறுவாரம் ஆன்ட்டி திரும்பியதும் போசியைக் கழுவி எடுத்துப்போய் உண்மையைச் சொன்னாள். ஆன்ட்டி கோபப்படவில்லை. "பெரிய மீன் எதுக்கு வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"ஈசானிய மூலைக்குங்க. பத்தொன்பது பவுண்ட்."

"பாரு, மீனுக்குத் தெரியுது" என்றார் ஆன்ட்டி நிறைவாக. தொடர்ந்து, வெகு சாதாரணமாக, "டிசம்பர்ல உங்கம்மாவைப் பார்க்க டிக்கெட் போடு, நானும் வர்றேன்" என்றார். வான்மதி அங்கேயே உட்கார்ந்து போட்டாள்.

ஜூன் மாதப் பந்தயம் டென்டன் பக்கம் வேறொரு ஏரியில். போனுக்குத் தடை என்று புது விதி வந்துவிட்டது. வான்மதி ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்க் காற்றைப் பார்த்து, குமிழி பார்த்து, ஆழம் பார்த்து நடந்தாள். சீட்டில் அவளுக்குப் பதினெட்டு வந்தது. ராண்டிக்கு ஒன்று. அவள் மனதில் குறித்து வைத்திருந்த மூன்றாம் முளையையே அவர் கேட்டு வாங்கினார். அன்று அதே முளையில் ஜெயிக்கவும் செய்தார். மனசு கேட்காமல் அவரிடம் போய், அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், காற்றா, நாணலா என்று கேட்டாள்.

ராண்டி தன் நாற்காலியை மடக்கிக்கொண்டே சொன்னார்: "என் டிரக்கை அதுக்குப் பக்கத்துலதான் விட்டிருந்தேன். முட்டி வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது."