மாமாவின் இருக்கையில் மணல் மூட்டை

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் டேப்பு. தையல்காரர் என்பதால் மட்டும் வந்த பெயர் இல்லை. கழுத்தில் தொங்கும் அந்த அளவு நாடாவைச் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். அலமாரி வாங்கப் போனால் கடையில் அதை அளப்பார், வீட்டுக்கு வந்து சுவரை அளப்பார், பிறகு மாடிப்படித் திருப்பத்தை அளப்பார். அதற்குள் வேறு யாராவது அதை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவரைக் கட்டிக்கொண்டு நான் பொறுமை கற்றுக்கொண்டேன் என்று என் தங்கை சொல்வாள். பொய். வாய்தான் நீண்டது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒருவருக்கு மட்டும் அளவெடுக்க மாட்டார், தன் அப்பாவுக்கு. மாமா கிடங்கில் மூட்டை தூக்கியவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. சிறுநீரகம் கெட்ட பிறகு மேலே வற்றிப் போய், கால் மட்டும் வீங்கிக்கொண்டே வந்தது. இவரோ, "அப்பா அளவு எனக்குத் தெரியாதா?" என்று பழைய அளவிலேயே கால்சட்டை தைப்பார். அது மாமாவுக்குத் தொடையோடு நின்றுவிடும். மறுநாள் யாரும் பார்க்காத நேரத்தில் தையலைப் பிரித்து விட்டுத் தருவார். அளந்து பார்க்க மனசு வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் எரிச்சல் எரிச்சல்தானே.

மாமாவுக்கு ஒன்று விட்டு ஒரு நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில். சின்னக் காரில் அவரால் காலை நீட்ட முடியவில்லை என்று, பழைய வண்டிதான் என்றாலும் பெரியதாகப் பார்த்து, ஏழு பேர் உட்காரும் ஜீப் மாதிரி ஒன்றை வாங்கினோம். வீட்டைவிட வாசலில் நிற்கிற வண்டி பெரிசு என்று தெருவே கேலி செய்தது. செய்யட்டும், மாமா முன் இருக்கையில் மகாராஜாவாகக் காலை நீட்டிக்கொண்டு போனார்.

பிறகு பாலத்தை இடித்தார்கள். புதுப் பாலம் என்று நாலு தூணை நட்டதோடு சரி. எல்லா வண்டியும் ஆற்றுக்குள் கல் பரப்பிய பாதையில்தான் இறங்கி ஏற வேண்டும். மழை ஆரம்பித்ததும் தண்ணீர் கல்லை மூடியது. ஒரு நாள் நட்டாற்றில் வண்டியின் பக்கவாட்டுப் படி ஒரு பாறையில் மாட்டி, அடிவயிறு அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. டிராக்டர் வந்து இழுத்துக் கரை சேர்த்தபோது மாமாவின் முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் மாமாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே, கரையில் போட்ட மீனாக மூச்சுக்குத் தவித்தார். அடுத்த முறைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நர்ஸ் எங்களை ஓரமாக அழைத்து, "இன்னொரு தடவை தவறவிட்டா நெஞ்சு தாங்காது. சொல்லிட்டேன்" என்றார்.

அன்று சாயங்காலமே இவர் தையல் மேசையின் நீளக் கோலை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். தொடை வரை நனைந்து, ஒவ்வொரு பாறையாக அளந்துவிட்டு வந்தார். மறுநாள் எங்களுக்கு டயர்க் கடையில் விடிந்தது.

கடைக்காரர் டயரைத் தட்டித் தட்டித்தான் பேசுவார். "முப்பத்திமூணு அங்குலம் போடுங்க டெய்லர். எதையும் வெட்ட வேணாம், அப்படியே உட்காரும்."

"அதுல வண்டி எவ்வளவு உயரும்?"

"இப்ப இருக்கறது முப்பத்தொண்ணு. டயர் ரெண்டு அங்குலம் பெரிசானா வண்டி அதுல பாதிதான் உயரும். ஒரு அங்குலம்."

"பத்தாது. பாறை அதுக்கு மேல இடிக்குது."

"அப்ப முப்பத்தஞ்சுதான். ஆனா அதைச் சும்மா மாட்ட முடியாது. ஸ்பிரிங்கை மாத்தி பாடியைத் தூக்கணும். உள்ள இருக்கற பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் வெட்டணும். வீலும் வெளியே தள்ளி நிக்கற மாதிரி வேற போடணும், இல்லன்னா ஸ்டியரிங்கைத் திருப்பறப்ப உரசும். டயர் கனம், பிரேக் போட்டா முன்ன மாதிரி உடனே நிக்காது."

"ஏங்க, நாம ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம்? மலை உச்சிக்கா?" என்றேன்.

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து வண்டியின் அடியில் நாடாவை விட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் பளபளவென்று மின்னும் வீல் ஒன்றைக் காட்டி, "இது போட்டா தெருவே திரும்பிப் பார்க்கும்" என்றார். "தெரு ஏற்கனவே திரும்பித்தான் பாக்குது" என்றேன் நான். கறுப்பு வீல் போதும் என்றார் இவர். டயரில் பெரிய பெரிய பல் வைத்தது ஒன்று இருந்தது. அது சேற்றுக்கு நல்லது, தார் ரோட்டில் ஊளையிடும் என்றார்கள். ஆற்றில் இருப்பது கல், சேறு இல்லை, அப்பாவுக்குச் சத்தம் ஆகாது என்று நடுத்தரமான பல் வைத்ததை எடுத்தார். அதுவரைக்கும் நியாயம்தான். அடுத்துப் பக்கவாட்டுப் படியைக் காலால் தட்டினார்.

"இதுதான் முதல்ல பாறையில மாட்டுச்சு. கழட்டிடுங்க."

கழற்றினார்கள். வண்டியைத் தூக்கி, ஸ்பிரிங் மாற்றி, அந்த யானைக்கால் டயர்களை மாட்டினார்கள். ஆனால் டேப்பு அதோடு விடுவாரா? காலி வண்டியில் உரசாத டயர் ஆள் ஏறினால் உரசும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் மூன்று பேர் கனத்துக்கு மணல் மூட்டை ஏற்றச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்பதால் மாமாவின் எடை அவருக்கு மனப்பாடம். அந்த எடைக்கு ஒரு பெரிய மூட்டை கட்டினார்கள். கடை ஆட்கள் இரண்டு பேர், ஒருவர் தலைமாடு, ஒருவர் கால்மாடு பிடித்து, "ஏய், தூக்கு" என்று வீசி அதை மாமாவின் இருக்கையில் ஏற்றினார்கள். இவர் அதற்கு சீட் பெல்ட்கூட மாட்டினார். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, பள்ளத்தில் இறக்கி, மேட்டில் ஏற்றிப் பார்த்தார். எங்கும் உரசவில்லை. பல நாளைக்குப் பிறகு சிரித்தார். எனக்கும் நெஞ்சில் பாதி பாரம் இறங்கியது.

மறுநாள் மெஷின் நாள். காலையிலிருந்தே மழை. மாமா கைத்தடியோடு வெளியே வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, "என்னடா, லாரி வாங்கிட்டியா?" என்றார். இவர் பெருமையாகக் கதவைத் திறந்தார்.

அப்போதுதான் மூன்று பேரும் பார்த்தோம். வண்டியின் தளம் மாமாவின் தொடைக்கு நேராக இருந்தது. கீழே படி இல்லை.

மாமா கதவுக் கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினார். வரவில்லை. மறுபடி தூக்கினார். வீங்கிய கால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி, நடுங்கி, கீழே விழுந்தது. நான் ஓடிப்போய் உள்ளேயிருந்து முக்காலியைக் கொண்டுவந்தேன். அதில் ஒரு காலை வைத்ததும் முக்காலி சாய்ந்தது. மாமா அப்படியே பின்னால் சரிந்தார். இவர் தாங்கிப் பிடித்து, இரண்டு பேரும் சுவரில் மோதி நின்றார்கள். எதிர்வீட்டு வெல்டரும் அவர் தம்பியும் ஓடி வந்தார்கள்.

"நகருங்க, நாங்க தூக்கி வெச்சிடறோம்."

"தொடாத." மாமாவின் குரலில் தெருவே நின்றது. "ஆயுசு பூரா மூட்டை தூக்கினவன்டா நான். என்னை மூட்டை மாதிரி உள்ள வீசாதீங்க. நான் வரல."

உள்ளே போய்த் தையல் மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மூச்சு விசில் மாதிரி கேட்டது. ஆற்றுப் பக்கமிருந்து வந்த ஒருவன், தண்ணீர் ஏறுகிறது, கொஞ்ச நேரத்தில் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"மாமா, வீம்பு பிடிக்க இதா நேரம்? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்கிட்ட சண்டை போடுவேன்?" என்று கத்தினேன். அழுகையும் சேர்ந்து வந்தது.

இவரோ மழையில் நின்று, திறந்த கதவுக்கும் தரைக்கும் நடுவில் நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அளந்து என்ன புண்ணியம்?" என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

மாமாதான் கடைசியில் வாயைத் திறந்தார். "கிடங்குக்கு வண்டியைக் கொண்டு போ. மேடைக்கு ஏறுற படி பக்கத்துல ஒட்டி நிறுத்து. கை அகலத்துக்கு மேல இடைவெளி விடாத."

கிடங்கு தெருக்கோடியில்தான் இருக்கிறது. மாமா வேலை பார்த்த இடம். மூட்டையோடு ஏறுகிறவர்களுக்காகக் கட்டிய படி என்பதால் அகலமாக, தாழ்வாக இருக்கும். குடையை நான் பிடிக்க, மாமா நடந்தார். நாலு அடிக்கு ஒரு தடவை நின்றார். படியில் ஒவ்வொன்றாக, இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து ஏறினார். வண்டித் தளம் காலுக்கு நேராக வந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு பக்கத்து அறைக்குப் போகிறவர் மாதிரி உள்ளே காலை எடுத்து வைத்தார்.

ஆற்றங்கரையில் கயிறும் கையுமாக நின்றவன் குறுக்கே வந்தான். இவர் கண்ணாடியை இறக்கி, "அப்பாவுக்கு மெஷின்" என்று மட்டும் சொன்னார். அவன் டயரைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், விலகினான். தண்ணீர் இரண்டு பக்கமும் இரைந்துகொண்டு போனது. நான் பின் இருக்கையில் மாமாவின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தேன். போன தடவை உட்கார்ந்த பாறை வந்தது. எங்கும் இடிக்காமல் வண்டி அதைத் தாண்டி ஏறியது. ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வராது, இருந்தாலும் சொல்கிறேன். அந்த டயர் இல்லையென்றால் அன்று நாங்கள் அக்கரை போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரியில் மகனின் தோளைப் பிடித்துச் சறுக்கி இறங்கிவிட்டார். இறங்குவது எளிது. மெஷின் முடிந்து வெளியே வந்தபோதுதான் கஷ்டம். எப்போதும் அதற்குப் பிறகு மாமாவின் கால் துணியாகத் துவண்டுவிடும். அங்கே சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதைதான் இருந்தது, படி கிடையாது. மழை வலுத்தது. ஆஸ்பத்திரி ஊழியர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அக்குளில் கைகொடுத்தார், ஒருவர் முட்டிக்குக் கீழே பிடித்தார். "ம், தூக்கு" என்றார்கள். மாமா இந்தத் தடவை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவரை அந்த இருக்கையில் ஏற்றினார்கள்.

மணல் மூட்டையை ஏற்றிய அதே மாதிரி. இவருக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். சீட் பெல்ட் மாட்டும்போது அது இரண்டு மூன்று தடவை நழுவியது. ஊர் திரும்பியதும் கிடங்குப் படி வழியாகவே இறக்கினோம்.

மறுநாள் காலை மாமா தெளிவாக இருந்தார். இவர் அவர் முன்னால் போய் நின்று கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றினார்.

"அப்பா, சுவரைப் பிடிச்சுக்கிட்டு வலது காலைத் தூக்குப்பா."

"எதுக்குடா?"

"அளவெடுக்கணும்."

மாமா எழுந்து, சுவரில் கை வைத்துக் காலைத் தூக்கினார். இவர் மண்டியிட்டுக் குதிகாலுக்கு நேராகத் துணியில் குறி வைக்கும் சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை.

"இன்னும் கொஞ்சம் தூக்குப்பா."

"அவ்வளவுதான்டா வருது."

"கொஞ்சம்பா."

"அவ்வளவுதான்டா." மாமாவின் குரல் தணிந்தது. "கூட்டிப் போடாத. உள்ளதைப் போடு."

இவர் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் காலைப் பிடித்தபடி அங்கேயே தோள் குலுங்க அழுதார். மாமா அவர் தலையில் கை வைத்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்பில் ஒன்றுமில்லாவிட்டாலும் சமையலறைக்குப் போனேன்.

ஒவ்வொன்றும் அந்தக் கோட்டின் உயரத்துக்கு மேல் போகாதபடி எதிர்வீட்டு வெல்டர் வண்டிக்கு மூன்று படி செய்து கொடுத்தார். கீல் வைத்த படி. ஆற்றில் இறங்கும் முன் மடக்கிவிடலாம், கரை ஏறியதும் விரிக்கலாம். மாமா அதில் யார் கையும் படாமல் ஏறுகிறார்.

அன்று காலுக்கு அளவெடுத்தவர் அதோடு நிற்கவில்லை. அழுத கண்ணோடேயே இடுப்பு, தொடை, முட்டி, கணுக்கால் எல்லாவற்றையும் அளந்து, சாயங்காலத்துக்குள் ஒரு கால்சட்டை தைத்தார். அது மாமாவுக்கு முதல் தடவையிலேயே ஏறியது.