ஐந்து பிரதி, ஒரே கட்டைவிரல்

குழந்தை நூல் விருதுக்கு ஆண்டுதோறும் ஒரு புத்தகத்தைப் பரிந்துரைக்கும் மாபெரும் பொறுப்பு நூலகர் அம்மாளுடையது. விமர்சனங்களை அவர் நம்புவதில்லை. விமர்சகர்களை அறவே நம்புவதில்லை. போட்டிக்கு வரும் நூல்களைக் குழந்தைகளுக்கு இரவல் கொடுப்பார். திரும்பி வரும்போது எது அதிகம் அழுக்காகியிருக்கிறதோ, அதற்கே அவர் ஓட்டு.

இந்த ஆண்டு ஒரு நாய்க்குட்டிக் கதையின் ஐந்து பிரதிகளிலும் கடைசிப் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. அம்மாள் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஐந்திலும் ஒரே கட்டைவிரல். அதுவும் குழந்தை விரலைப்போல் இரண்டு மடங்கு. பதிப்பாளரின் கைவரிசைதான் என்று வாய்விட்டே முடிவு கட்டி, நூலைப் பட்டியலிலிருந்து அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

வாசல் காவலாளி மீசையைத் தடவியபடி உள்ளே வந்தார்.

"அடிச்சிடாதீங்க மேடம். அது என் விரல்தான்."

"பதிப்பாளர் உங்களுக்கு என்ன வேணும்? மச்சானா?"

"அவரை நான் பாத்ததே இல்ல மேடம். சாப்பிட்டுக்கிட்டே படிச்சேன். கடைசில அந்தக் குட்டி வீட்டுக்கு வராமலே போயிடுச்சு. மனசு கேக்கல. மத்த பிரதியிலயாச்சும் வந்திருக்குமோன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன்."

அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரை உற்றுப் பார்த்தார்.

"வந்துச்சா?"

"அஞ்சுலயும் வரல."

பொய் சொல்கிறவர் இவ்வளவு மூக்கை உறிஞ்சமாட்டார் என்று அம்மாளுக்கே பட்டது. ஆனாலும் விதி விதிதான். அழுக்காக்கியவர் குழந்தையாக இருக்க வேண்டும். பரிந்துரைப் படிவத்தை இழுத்தார். ஐம்பத்தாறு வயது மீசையை மறுபடியும் ஒருமுறை சந்தேகத்தோடு அளந்துவிட்டு, 'வாசகரின் வயது' என்ற கட்டத்தில் 'எட்டு' என்று எழுதினார்.