முன்னறையில் ஜேர்மன் ஹெல்மெட்டுகள்

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், எங்கள் வீட்டு முன்னறை அலுமாரியில் ஒன்பது ஜேர்மன் ஹெல்மெட்டுகள் இருக்கின்றன. இதைச் சொன்னால் சிலர் ஓரடி பின்வாங்குவார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவை படையினருடையவை அல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்கள் குண்டு போட்டபோது தீயணைக்கவும், இடிந்த வீடுகளுக்குள்ளிருந்து ஆட்களை இழுத்தெடுக்கவும் ஓடிய சாதாரண சனம் போட்டவை. கருநீல இரும்பு, உள்ளே தோல் பட்டி. அந்தக் காலத்து அரசின் சின்னம் அழியாமல் இருந்தால் வாங்கமாட்டேன்.

முதலாவது ஜேர்மனியில் கிடைத்தது. அங்கே பத்து வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன், பிறகு சமைத்தேன். வீட்டுக்காரர் நிலவறையைத் துப்புரவாக்கி எறிந்த சாமான்களுக்குள் அது கிடந்தது. தலையில் வைத்துப் பார்த்தேன், அளவாக இருந்தது. லண்டனுக்கு வந்த பிறகு ஞாயிறு சந்தைகளில் மற்றவை சேர்ந்தன.

"இருக்கிறது ஒரு மண்டை, உங்களுக்கு ஒன்பது தொப்பியோ?" என்பாள் மனைவி.

போன கோடையில் ஒன்பதாவதின் தோலுக்கு எண்ணெய் பூசி, காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்தேன். சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மா. எண்பத்தாறு வயது.

"ஜன்னலில் இருப்பது ஜேர்மன்காரர்களுடையதா?"

"ஓம்" என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது.

"அவர்களின் குண்டில்தான் என் சித்தி செத்தாள். இதே தெருவில்."

ஹெல்மெட்டை எடுத்துவந்து, உட்பட்டியில் மையால் எழுதியிருந்த ஒரு பெண்ணின் பெயரைக் காட்டினேன். இது ஜேர்மனியில் குண்டுவீச்சுக்குள் உதவ ஓடிய ஒருத்தியுடையது என்றேன். பிறகு, ஏனோ, யாழ்ப்பாணத்தில் நாங்கள் பதுங்கிய பங்கர் குழியின் கதையையும் சொன்னேன். குண்டு போடும் பொம்பர் வந்தபோது அம்மா என் தம்பியின் தலையில் அலுமினியப் பானையைக் கவிழ்த்துவிட்டார். விமானம் போய்விட்டது, பானை மட்டும் கழலவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் இழுத்தோம்.

பக்கத்து வீட்டு அம்மா சிரித்துவிட்டார். சிரித்தது பிடிக்காதவர்போல உடனே திரும்பிப் போய்விட்டார்.

"ஏனப்பா, வயசுபோன மனிசியை நோகடிச்சுப் போட்டியளே. அதை எடுத்து உள்ளுக்கு வையுங்கோ" என்றாள் மனைவி. வைத்தேன்.

மறுநாள் அவர் ஒரு பையோடு வந்தார். உள்ளே தட்டையான கறுப்பு ஹெல்மெட். அவருடைய அம்மா இதே தெருக்களில் விமானத் தாக்குதல் காவலராக நின்றபோது போட்டதாம்.

"மகனுக்கு இதில் அக்கறையில்லை. நீங்கள் வைத்திருங்கள். ஆனால் அவற்றின் பக்கத்தில் வேண்டாம். வேறு தட்டில்."

மனைவி தன் கண்ணாடிப் பீங்கான்களை இறக்கி மேல் தட்டைக் காலியாக்கினாள். அந்த அம்மா கதிரையில் இருந்தபடி, இடப்பக்கம், இன்னும் கொஞ்சம் என்று கை காட்ட, நான் ஏணியில் நின்று நகர்த்தினேன். சரியான இடம் அமைவதற்குள் இரண்டு தரம் தேநீர் குடித்து முடித்திருந்தார்.