டாக்டரம்மாவுக்குக் கால், எனக்குக் கை

என் அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பதினாறு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே பிழைக்கிற மனிதர். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் கோட்டை விட்டால் இவர் மிதிப்பார். அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. டிவியில் யாராவது வேகமாக ஓடினால்கூடத் தரையை அழுத்தும்.

அவருக்கு இரண்டு குரல். வெளியே வெண்ணெய், வீட்டில் மிக்ஸி. வெண்ணெயில் பெரும்பங்கு ஒரு பல் டாக்டருக்குப் போனது. லைசென்ஸ் தேர்வில் நான்கு தடவை தோற்ற அம்மாள். ஒரு நாள் யார் வீட்டுக் கேட்டையோ இடித்துவிட்டாராம். "பரவாயில்லைங்க, கேட்டு தெறந்திருந்தா நீங்க இடிச்சிருக்கவே மாட்டீங்க" என்று அப்பா தேற்றினாராம். இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்போது பார்த்து என் முழங்கை பட்டுத் தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்தது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

மிக்ஸி.

எனக்கு வயிறு எரிந்தது. பத்தாவதில் நான் இரண்டு தடவை தோற்றபோது யாரும் எனக்கு வெண்ணெய் தடவவில்லை. டாக்டருக்குப் படித்தவருக்கு மட்டும் தோற்பதிலும் மரியாதையா?

பதினெட்டு முடிந்த கையோடு பழகுநர் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"எனக்கும் சொல்லிக்குடுங்கப்பா."

"உனக்கா? எங்க ஸ்கூல்ல இருக்குற கொட்டாவி மாஸ்டர்கிட்ட சேத்து விடறேன்."

"ஏன், ஊருக்கெல்லாம் சொல்லித் தர்றீங்க, நான் மட்டும் ஆகாதவளா?"

"வாலு, சொன்னாக் கேளு."

சொன்னால் கேட்பேன் என்றால் எனக்கு எதற்கு அந்தப் பெயர்?

மறுநாள் அம்மாவின் போனிலிருந்து அப்பா வேலை பார்க்கும் பயிற்சிப் பள்ளிக்குப் பேசினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, நான் ஓய்வுபெற்ற டீச்சர், ரொம்பப் பயந்த சுபாவம், கோபப்படாத மாஸ்டராக அனுப்புங்கள் என்றேன்.

"ஒருத்தர் இருக்காரு மேடம். தங்கமான மனுஷன்" என்றாள் போனை எடுத்த பெண்.

தங்கமாம். இரண்டு நாள் எங்கள் வீட்டில் வந்து தங்கிப் பார்க்கட்டும்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, போனில் நான் சொல்லியிருந்த நூலக வாசலில் கார் வந்து நின்றது. அப்பா பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்து வயதான பெண்மணியைத் தேடினார். நான் கதவைத் திறந்து ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து, திட்டு வாங்கத் தயாரானேன். அவர் கையிலிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரிட்டயர்டு டீச்சர்னு போட்டிருக்கு. வயசே தெரியலையேங்க."

"தலைக்கு டை அடிச்சிருக்கேன் மாஸ்டர்."

அவர் உதட்டோரம் துடித்தது. "சரி, சீட்டை முன்னால இழுங்க. கண்ணாடியப் பாருங்க. கிளட்ச மெதுவா விடுங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல."

வெண்ணெய்! எனக்கே எனக்கு. இரண்டு தெரு முழுக்க அதில் மிதந்தேன். மூன்றாவது தெருவில் நின்றிருந்த வேனின் கதவு பட்டென்று திறந்தது. நான் ஸ்டியரிங்கை ஒடித்து, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். கார் பாய்ந்து ஒரு குப்பைத் தொட்டியை உருட்டி, நடைபாதை விளிம்பில் முட்டி அணைந்தது.

யாருக்கும் அடியில்லை. பானெட்டின் மேல் ஒரு வாழைப்பழத்தோல், அவ்வளவுதான். அப்பாவின் கை என் நெஞ்சுக்குக் குறுக்கே கம்பி போல நீண்டு என்னை சீட்டோடு அழுத்தியிருந்தது. அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மிதிக்கவே இல்லையே" என்றார். அது வெண்ணெயும் இல்லை, மிக்ஸியும் இல்லை. "பதினாறு வருஷத்துல இந்தக் கால் ஒரு தடவ தவறினதில்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் தாடையில தழும்பு இருக்கே, எப்படி வந்துச்சு?"

"கட்டில்லேர்ந்து விழுந்தேன்னு அம்மா சொல்லும்."

"கட்டிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூணு வயசுல உன்ன முன்சீட்டுல நிக்க வச்சு ஓட்டினேன். பெரிய டிரைவர்னு நெனப்பு. ஒரு பிரேக் போட்டேன், நீ போய் முட்டிக்கிட்ட. நாலு தையல். அன்னைக்குக் கைய நீட்டியிருந்தா பிடிச்சிருப்பேன். அதுலேர்ந்து நீ பக்கத்துல இருந்தா கைதான் முந்துது. கால் இருக்குறதே மறந்துபோகுது. அதான் கொட்டாவிகிட்ட போன்னு சொன்னேன்."

இறங்கிப்போய்த் தொட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

இப்போது கொட்டாவி மாஸ்டரிடம்தான் பழகுகிறேன். கியருக்கு ஒரு கொட்டாவி விடுகிறார். போன வாரம் டாக்டரம்மா ஐந்தாவது முயற்சியில் தேறிவிட்டார். சாப்பாட்டு மேசையில், பெற்ற பிள்ளை தேறியது போல அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "என்னமா ரிவர்ஸ் எடுத்தாங்க தெரியுமா!"

மறுபடியும் வயிற்றில் பற்றிக்கொண்டது.

"அவங்களுக்கு ஒரு தடவையாவது கை நீட்டினீங்களா?"

"அவங்களுக்கு எதுக்குக் கை? கால் போதும்."

கொஞ்சம் அணைந்தது. முழுதாக அணையவில்லை. தண்ணீர்ச் செம்பை முழங்கையால் மெல்ல மெல்ல என் பக்கமாக மேசை ஓரத்துக்கு நகர்த்தினேன். அது சாயத் தொடங்கியதும் அப்பாவின் கை பாய்ந்து வந்தது.