கோச்சுக்கு ஆள் வேண்டும்

என் கணவருக்கென்று சொந்தமாக ஒரு டீம் சட்டை இருந்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கொடியில் ஐந்து நிறச் சட்டைகள் காய்ந்திருக்கின்றன. மில் டீமுக்கு மஞ்சள். உப்பளத்துக்காரர்களுக்கு வெள்ளையில் சிவப்புக் கோடு. தோணித் துறைக்காரர்கள் கூப்பிட்டபோது நீலம். அது முதல் துவைப்பிலேயே சாயம் விட்டு என் கல்யாணச் சேலையையும் கெடுத்தது. ஆத்தூர் வெற்றிலை வியாபாரிகள் ஒரே ஒரு கோப்பைக்காக இவரை இரவல் வாங்கிப் போய், பச்சைச் சட்டையும் ஒரு கூடை வெற்றிலையும் கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. தெரு முழுவதும் கொடுத்துத் தீர்த்தேன். ஐந்தாவது சட்டை எந்த ஊருடையது என்று அவருக்கே மறந்துவிட்டது.

கால்பந்தில் அவர் பெரிய பேர் வாங்கியவர் இல்லை. அவர் கோல் போட்டதாக நான் கேள்விப்பட்டது இரண்டே தடவை, அதில் ஒன்று தன் பக்கத்துக் கோலில். ஆனால் எந்த இடத்தில் ஆள் குறைந்தாலும் அங்கே நிற்பார். ஹாஃப்பில் நிற்பார், பேக்கில் நிற்பார், கோல்கீப்பருக்குக் காய்ச்சல் என்றால் அங்கேயும் நிற்பார். அதனால்தான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அதனாலேயே யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை என்றும் எனக்குத் தோன்றும். அவரிடம் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்த சமயம் அவருடைய வலது முழங்கால் போயிற்று. மில்லில் கிடங்கு வேலை அப்படியே இருந்தது. டீமில்தான் பேர் இல்லை. மைதானத்துக்குப் போகாத மனிதர் மாலை ஐந்தரைக்கே வீட்டுக்கு வரத் தொடங்கினார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. நான் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தால், "ஏளா, இடது காலை இன்னும் கொஞ்சம் மடக்கு, தோள் வலிக்காது" என்பார். எட்டு மாதக் குழந்தை தவழ்ந்தால், "பாரு, வலது பக்கமே திரும்புதான். இடது பக்கமும் பழக்கணும்" என்பார். பிள்ளைக்கு இடது பக்கம் ஏதாவது குறையோ என்று நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

மறுபடி ஒரு மைதானம் கிடைத்தால் மனிதர் பழையபடி ஆகிவிடுவார் என்று எனக்குத் தெரியும். நொண்டுகிறவரை யார் கூப்பிடுவார்கள்? தோணித் துறையின் நீலச் சட்டையை வெட்டிப் பிள்ளைக்குத் துணியாக்கினேன். வெட்டி முடித்த பிறகு, செய்தது சரிதானா என்று யோசித்தேன். அவர் பார்த்துவிட்டு, கீழே கிடந்த துண்டுகளைப் பொறுக்கி வைத்தார்.

அப்போதுதான் காயல்பட்டினத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

அவர் நாலாம் வகுப்போடு நின்றவர், நான் எட்டு வரை படித்தவள். வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பதும், அவர் பேரில் பதில் எழுதுவதும் என் பொறுப்பு. கொழும்பில் கடை வைத்திருந்து ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், இவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இத்தனை நாளில் எனக்கு மனப்பாடம்:

"தங்கள் கால் விஷயம் கேள்விப்பட்டேன். அதனால் பாதகமில்லை. எங்களுக்குக் கோச்சுக்கு ஆள் வேண்டியிருக்கிறது. தாங்கள் ஓட வேண்டாம், உட்கார்ந்தபடியே ஓட்டினால் போதும். எல்லாம் இளசு. நல்ல வேகம், ஆனால் முரடு. ஒன்று இந்தப் பக்கம் இழுத்தால் ஒன்று அந்தப் பக்கம் இழுக்கும். தட்டிக்கொடுத்து ஓட்டத் தெரிந்தவர் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் தெரியாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும்."

எங்கள் தெருமுனையில் ஒரு பஞ்சு வியாபாரியின் கோச்சு வண்டிக் கொட்டில் இருந்தது. இரண்டு குதிரைகள். அந்தச் சாணி வாடை இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நாளும் விடிந்ததில்லை. வண்டிக்காரர் வேலையை விட்டுப் போகும்போதெல்லாம், "கோச்சுக்கு ஆள் வேணும், தெரிஞ்ச ஆள் இருக்கா?" என்று வீடு வீடாகக் கேட்பார்கள். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு முகம் சுட்டது. பந்தோடு ஓடிய மனிதரைக் குதிரை ஓட்டக் கூப்பிடுகிறார்களே! அதுவும் முரட்டுக் குதிரைகள். அவர் படித்தால் மனசு உடைந்துபோவார். கோபத்தில் சரி என்று சொல்லிவிட்டாலோ, வண்டி குடைசாய்ந்தால் நானும் பிள்ளையும் என்ன செய்வது?

அவரிடம் காட்டாமலே பதில் எழுதினேன். "தங்கள் அன்புக்கு நன்றி. எனக்குக் குதிரைப் பழக்கம் கிடையாது. சிறு வயதில் ஒரு குதிரை கடிக்க வந்ததிலிருந்து அவற்றின் பக்கம் போவதில்லை. மன்னிக்கவும்." குதிரை கடிக்க வந்தது என் கற்பனை. காரணம் சொல்லாமல் மறுத்தால் மரியாதையாக இருக்காதே என்று சேர்த்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் போட்டேன். போட்ட பிறகு, கை உள்ளே போகுமா என்றும் பார்த்தேன். போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மில் டீமின் கோல்கீப்பர் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"ஏலே, காயல்பட்டினத்துக்கு என்னைக்குப் போற?" என்றார் வந்தவர்.

"அங்கன எனக்கு என்ன இருக்கு?" என்றார் இவர்.

"கோச்சுக்குத்தாம்லே! கொழும்புக் கடை காக்கா உனக்குக் கடுதாசி போட்டிருக்கேன்னு சொன்னாரே."

"கோச்சா? அது என்னது?"

"பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கிற ஆளுலே. நாம மாஸ்டருன்னு சொல்லுதோம்லா? கொழும்புல அதுக்குக் கோச்சுன்னு பேராம். பதினஞ்சு இளவட்டம் வச்சிருக்காரு. ஒரு பய சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்கானாம்."

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கூடத்தில் என் கணவர், "என்னையா கேட்டாரு? பேரு சொல்லியா கேட்டாரு?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. பரிசு கிடைத்த பிள்ளை, அது தனக்குத்தானா என்று கேட்பதுபோல இருந்தது.

கோல்கீப்பர் போனதும் பெட்டியின் அடியிலிருந்து கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி, மெதுவாக, கடைசி வரை வாசித்தார்.

"நீ இதை என்னன்னு நினைச்ச?"

"குதிரைன்னு."

"குதிரையா?"

"எல்லாம் இளசு, முரடுன்னு எழுதியிருந்துச்சே."

"என்ன பதில் எழுதின?"

சொன்னேன்.

"என்னைக் குதிரை கடிச்சுதா?"

"கடிக்க வந்துச்சு. கடிக்கல."

அவர் சிரிக்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "நாளைக்கு மில்லுல லீவு சொல்லுதேன். நீயும் வா. எழுதினது நீ, நீயே சொல்லு" என்றார்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் கரியில் ஓடிய காலம். பின்னால் அடுப்பு, புகை முழுவதும் உள்ளே. பிள்ளையின் மூக்கை முந்தானையால் மூடினேன். மூச்சு முட்டுமே என்று எடுத்தேன். மறுபடி மூடினேன். பஸ் ஆத்தூரில் அரை மணி நின்று கரி போட்டுக்கொண்டது. அத்தனை நேரமும் நான் மனசுக்குள் மன்னிப்பை எழுதித் திருத்திக்கொண்டிருந்தேன்.

காயல்பட்டினத்தில் பனை மரங்களுக்குப் பின்னால் ஒரு மணல் வெளிதான் மைதானம். பெரியவர் ஓரத்தில் நாற்காலி போட்டு, குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். என் கணவர் யார் என்று தெரிந்ததும் எழுந்தார். "வாங்க தம்பி. குதிரை எப்படி இருக்கு?" என்றார்.

நான் முன்னால் போய், எழுதியது நான்தான் என்று சொன்னேன். ஒத்திகை பார்த்த எந்த வாக்கியமும் வாயில் வரவில்லை. தெருமுனைக் கொட்டில், வண்டி, சாணி என்று ஏதேதோ சொன்னேன். பெரியவர் சிரித்த சிரிப்பில் குடை மணலில் விழுந்தது.

"தம்பி தமாஷா மறுக்காருன்னு நினைச்சு, நீங்க எழுதினதை இவனுவளுக்கு வாசிச்சுக் காட்டுனேன் தங்கச்சி. அன்னையிலேருந்து பந்தைக் கண்டா கனைக்கானுவ." பிறகு முகம் மாறிற்று. "ஆனா வெள்ளிக்கிழமை தாண்டிட்டே. திருநெல்வேலியில ஒருத்தருக்கு எழுதிப் போட்டுட்டேன். எழுதினா எழுதினதுதானே."

என் கணவர் தலையை ஆட்டினார். "அது சரிதான் காக்கா. கொஞ்ச நேரம் ஆட்டம் பார்த்துட்டுப் போறோம்."

நீலத் துணியில் பிள்ளையைக் கிடத்தி நான் மணலில் உட்கார்ந்தேன். என்னால்தானே என்ற நினைப்பு போகவில்லை. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. பக்கத்தில் அவரைக் காணோம். கோட்டோரம் நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏலே, பேக்கு! வெயிலு உன் கண்ணுல அடிக்கில்லா? ரெண்டு எட்டு இடது பக்கம் வா. நான் அங்கன நின்னவன், சொல்லுதேன்!"

அவன் நகர்ந்தான். அடுத்த பந்து அவன் காலுக்கே வந்தது. பிறகு ஹாஃப்புக்குச் சொன்னார், கோல்கீப்பருக்குச் சொன்னார். ஒவ்வொருவனிடமும், "நான் அங்கன நின்னவன்" என்றார். பொய் இல்லை. எல்லா இடத்திலும் நின்றவர்தான். யாரோ ஒருவன் கனைத்தான். "கனைக்கிறதை அப்புறம் வச்சுக்கோ, முதல்ல ஓடு!" என்றார்.

பெரியவர் குடையை ஊன்றியபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி பஸ்ஸுக்கு நாங்கள் எழுந்தபோது, "திருநெல்வேலிப் பதில் வர்ற வரைக்கும் சனி, ஞாயிறு வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

பதில் வருவதற்குள் மூன்று வாரம் போயிற்று. நான் தினமும் தபால்காரரைப் பார்த்துப் பயந்தேன். அது எங்கள் வீட்டுக்கு வரப்போகிற கடிதம் இல்லை என்பது பிறகுதான் உறைக்கும். ஒரு ஞாயிறு மாலை என் கணவர் அதைச் சட்டைப் பையில் கொண்டுவந்தார். திருநெல்வேலிக்காரர் வரச் சம்மதித்திருந்தார். நான் அதை இரண்டு தடவை வாசித்தேன்.

"காக்கா உன்னை ஒரு பதில் எழுதச் சொன்னாரு. ஆள் வச்சாச்சு, மன்னிக்கணும்னு. மறுத்து எழுதுறதுல உனக்குத்தான் நல்ல பழக்கம்னாரு" என்றார். இந்தத் தடவை சிரித்தார்.

விளக்கடியில் உட்கார்ந்து எழுதினேன். அந்த மனிதர் எவ்வளவு எதிர்பார்த்திருப்பாரோ என்று இரண்டு தாளைக் கிழித்தேன். மூன்றாவதில், கோச்சுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று எழுதி, எதற்கும் இருக்கட்டும் என்று முன்னால் 'பந்தாட்ட' என்று சேர்த்தேன்.