வடை இல்லாத தேத்தண்ணிக் கடை

கதையில் நல்ல இடம் ஒன்று வந்துவிட்டது போலிருக்கிறது. நபீஸா புத்தகத்தை மூடி, இடையில் பழைய லோஞ்ச் படகு டிக்கட் ஒன்றைச் செருகிக் கதிரையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போகிறார். வாளியில் தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்கிறது. முகம் கழுவி, முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். கதை மோசமென்றால் முகம் காய்ந்தபடியே இருக்கும். புத்தகம் எப்படி என்று அவரிடம் கேட்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்தால் போதும்.

"ஏன் பிள்ளை, அழுதனீரோ?" என்று முதல் தடவை கேட்டேன்.

"அழல்ல மிஸ்ஸி. முகம் சுட்டுப் போச்சு" என்றார்.

மிஸ்ஸி என்று அவர் சொல்வது என்னைத்தான். தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. துறைமுகத்தடியில் அந்தப் பெயர் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நபீஸா கதை எழுதுபவர். கொழும்புப் பத்திரிகைகளின் ஞாயிறு இதழ்களில் அவ்வப்போது அவருடைய கதை வரும். எழுதுவதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். வாசிப்பதைப் பற்றிக் கேட்டால் அடுப்பில் சோறு கருகும்வரை பேசுவார்.

எந்தக் கதையையும் அவர் சோற்றை வைத்துத்தான் அளப்பார். "இது வேகல்ல மிஸ்ஸி. நடுவில அரிசி கிடக்கு" என்பார். பெரிய பெயருள்ள ஒருவரின் நாவலை இரண்டு நாள் வாசித்துவிட்டு, "அடிப்பிடிக்க விட்டுட்டார்" என்று திருப்பித் தந்தார். தன்னுடைய கதையையும் விடுவதில்லை. அச்சில் வந்ததை ஒருமுறை வாசித்துவிட்டு, "தண்ணி கூடிப் போச்சு" என்று பத்திரிகையை மடித்து வைப்பார்.

வீட்டில் அவர் நின்றுகொண்டுதான் வாசிப்பார். குசினி வாசற்படியில் தோளைச் சாய்த்து, ஒரு கையில் அகப்பை, மறு கையில் புத்தகம். ஏன் என்று கேட்டேன். "பொம்புளை இருந்தா வேல முடிஞ்சுட்டு எண்டு நெனச்சு, ஆளுக்கொரு வேல செல்லுவாங்க. நிண்டுக்கிட்டு இருந்தா, அடுத்த வேலைக்குப் போறா எண்டு விட்டுருவாங்க" என்றார். நின்று நின்றே பெரும்பகுதி வாசிப்பை முடித்த ஒருத்திக்கு, இருந்து வாசிக்க ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை வந்ததில் புதுமை இல்லை. காலில் நரம்பு புடைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அவரை நான் முதலில் கண்டது ஒரு நீள வாங்கில். அறுபதுகளின் நடுப்பகுதி. நான் வேலை செய்த கிளினிக்கில் புதன்கிழமை பெண்களுக்கான நாள். நபீஸா நேரத்தோடு வந்து டிக்கட் எடுப்பார். சுவரோரக் கடைசி வாங்கில் இருந்து, கடதாசி உறை போட்ட புத்தகத்தைத் திறப்பார். முறை வந்ததும் பக்கத்தில் இருப்பவரை முன்னே அனுப்பிவிடுவார். "நீங்க போங்க ராத்தா, புள்ள அழுது" என்பார். நல்ல மனம் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல மனம் ஒரு கிழமை வரும், இரண்டு கிழமை வரும். ஒவ்வொரு கிழமையும் வந்தால் காரணம் பார்க்க வேண்டும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள்.

"என்ன வருத்தம்?" என்று பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"தலையிடி மிஸ்ஸி."

"போன கிழமை வயிறு. அதுக்கு முதல் முழங்கால். வருத்தம் உமக்குள்ள உலாத்துதோ?"

புத்தகத்தை மூடினார். "வருத்தம் ஒண்டுமில்ல. இந்த ஊரில ஒரு பொம்புளை எவ்வளவு நேரம் இருந்தாலும், ஏன் இருக்காய் எண்டு கேக்காத இடம் இது மட்டுந்தான்."

"அப்ப ஒருநாள் ஊசியும் போட்டனீரே?"

"கதை முடியப் போகக்குள்ள கூப்பிட்டுட்டாங்க. உள்ள போகாட்டி எழும்பிப் போகச் செல்லுவாங்க. போட்டுக்கிட்டு வந்து மிச்சத்த வாசிச்சன்."

அந்த ஊசியைப் போட்டது நான்தான். விற்றமின் ஊசி, கெடுதல் ஒன்றும் இல்லை.

டிக்கட் எடுக்கக் கூடாது, அது வருத்தக்காரருக்கு உரியது என்று சொன்னேன். இருக்கலாம், ஆனால் சும்மா இருக்க ஏலாது என்றும் சொன்னேன். வாசிக்கத் தெரியாத பெண்களுக்கு மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வது அவருடைய வேலையாயிற்று. அதற்கு முன்பு, பூசுகிற மருந்தைக் குடித்துவிட்டு ஓடிவருகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். பிறகு அப்படி ஒருவர் வந்ததாக எனக்கு நினைவில்லை. எத்தனையோ பேர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களின் வரிசையில் நபீஸா முன்னால் நிற்கிறார்.

இருந்து வாசிக்கத் தேத்தண்ணிக் கடை ஒன்று போடும் பேச்சு அந்த வாங்கில்தான் தொடங்கியது. தேத்தண்ணிக் கடைக்குள் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. வாசலில் நின்று பார்த்ததோடு சரி. ஆண்கள் ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஒரு பத்திரிகை முழுவதையும் முடிப்பதைப் பார்த்திருக்கிறார். பரிமாறுகிறவர் ஈரத்துணியால் மேசையைத் துடைப்பதையும், துடைத்த ஈரத்தின் மேலேயே பத்திரிகையை விரிப்பதையும், வடை தின்ற விரலால் பக்கம் புரட்டுவதையும் பார்த்திருக்கிறார். "அப்படிப் பத்திரிகைய நான் கையாலயும் தொட மாட்டன் மிஸ்ஸி."

அவர் மனதில் இருந்த கடையில் மேசை கிடையாது. சாய்மானம் உள்ள வாங்கு. கிளாசை வைக்க ஆளுக்கொரு முக்காலி, அதுவும் முழங்காலுக்குக் கீழே. தட்டுப்பட்டால் தேத்தண்ணி நிலத்தில் சிந்துமே தவிர புத்தகத்தில் சிந்தாது. ரேடியோ இல்லை. பெண்கள் வரலாம், தனியாகவும் வரலாம். கதவு எந்நேரமும் திறந்திருக்கும், அப்படியென்றால் ஊரில் ஒருவரும் தவறாக ஒன்றும் பேச ஏலாது. வாசலில் தண்ணீரும் சவர்க்காரமும். எண்ணெய்ப் பலகாரம் எதுவுமே இல்லை. தின்பதற்கு என்ன என்பதில் மட்டும் நெடுநாள் குழம்பினார். பிஸ்கட் தூள் கொட்டும், கச்சான் கடலையின் கோது பறக்கும், தொதல் இனிப்பு விரலில் ஒட்டும். கடைசியில் வாழைப்பழம் வென்றது.

இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் முதல் ஆள் அவருடைய கணவர் மஹ்ரூப். விரிகுடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் லோஞ்சில் எஞ்சின் பார்ப்பவர்.

"வடை இல்லாத கடையா? காகங்கூட வராது" என்றார்.

"காகம் வாசிக்காதுதானே" என்றார் நபீஸா.

"அப்ப எனக்கும் அங்க இடமில்ல. என்ட கை எண்ணெய்க் கை."

"கழுவத் தண்ணி இரிக்கும்."

"இது கழுவினாப் போற எண்ணெய்யா புள்ள?"

சிரித்துக்கொண்டே இறங்குதுறைக்குப் போய்விடுவார். அந்தச் சிரிப்பை ஓமென்றும் எடுக்க ஏலாது, இல்லையென்றும் எடுக்க ஏலாது. ஆனால் நபீஸாவின் அலுமாரியில் பாதி நிரம்பியது அவரால்தான். லோஞ்சில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் புத்தகங்களை ஒரு மாதம் வைத்திருப்பார். தேடி ஒருவரும் வராவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு கறுத்த பெருவிரல் அடையாளம் இருக்கும். "முத்திரை குத்தித்தான் தருவார்" என்று நபீஸா குறை சொல்வார். ஈரத்துணி பட்ட பத்திரிகையைத் தொடாத அந்த மனுஷி, அந்த அடையாளங்களில் ஒன்றையாவது அழிக்க முயன்று நான் பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெற்றபோது வீட்டு முன்னறை வெறுமையாக இருந்தது. வீதியைப் பார்த்த அறை. இறங்குதுறைக்கு நடக்கும் தூரம். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வாங்கு வந்தது, முக்காலிகள் வந்தன, கேத்தில் வந்தது. கிளாசுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தோம். கடை மட்டும் திறக்கவில்லை.

"அவர் ஓமெண்டு செல்லாமத் திறக்க மாட்டன் மிஸ்ஸி" என்றார் நபீஸா. "ஒளிச்சுத் திறந்தா ஒளிச்சுத்தான் வாசிக்கணும். ஒளிச்சு வாசிச்சது கிளினிக்கோட போதும்."

"கேட்டுப் பாருமன்."

"கேட்டா சிரிப்பார்."

இப்படியே கவிழ்த்த கிளாசுகளில் தூசி படிந்தது. புதன்கிழமைகளில் அவர் மட்டும் விருந்தாளி மாதிரி வந்து இருந்து வாசித்துவிட்டுப் போனார். சும்மா கிடக்கும் அறையில் கறையான் வரும். வலை விற்கும் ஸைனுலாப்தீன் முதலாளி, சாமான் போட்டு வைக்க அறையைக் கேட்டு இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார். "மார்கழி நத்தார்ப் பெருநாள் வரைக்கும் பார்ப்பன். அதுக்குப் பிறகு வலை வந்திடும்" என்று நபீஸாவிடம் நேராகச் சொன்னேன். தலையாட்டினார். அன்றைக்கு எடுத்த புத்தகம் நல்ல புத்தகம். ஆனால் முகம் கழுவ எழும்பவேயில்லை.

நத்தாருக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் வாடைக்காற்று கிளம்பியது. அதுவும் ஒரு புதன்கிழமை. விரிகுடா வெள்ளையாகப் பொங்கியது. லோஞ்ச் போகாது என்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கும் கடைகளுக்கும் வந்த மூதூர், கட்டைபறிச்சான் ஊர்களின் சனம் அப்படியே இறங்குதுறையில் மாட்டிக்கொண்டது. பகல் சாப்பாட்டு நேரம் கழிந்து மஹ்ரூப் நனைந்த கோழி மாதிரி என் வாசலில் வந்து நின்றார்.

"மிஸ்ஸி, ஆம்புளையள் எல்லாம் தேத்தண்ணிக் கடைக்குள்ள ஏறிட்டாங்க. பொம்புளையள் கூரைத் தண்ணிக்குள்ள நிக்காங்க. இருக்க ஒரு இடமில்ல" என்றார். சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது போலிருந்தது. உள்ளே இருந்த நபீஸாவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார்.

"கூட்டிக்கொண்டு வாரும்" என்றேன்.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தலை துவட்டத் துவாய் கொடுத்தேன். நபீஸா கேத்திலை வைத்தார்; கிளாசுகளை மறுபடி கழுவி நிமிர்த்தினார். வார்டில் இருந்து வந்த பழக்கம், புத்தகம் தொடப் போகிறவர்களை நிறுத்திக் கையைக் காட்டச் சொன்னேன். உள்ளங்கை, பிறகு புறங்கை, பிறகு நகம். மூதூரில் இருந்து வந்த உம்மு குல்சும் என்ற மூத்த பெண் கையை நீட்டியபடி அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இது கடைதானே? போர்ட்டு எங்க?"

"கடை இல்ல மாமி" என்ற நபீஸாவின் கண் வாசலுக்குப் போனது. மஹ்ரூப் வெளியே தாழ்வாரத்தின் கீழ், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தேத்தண்ணி இரிக்கி, வாங்கு இரிக்கி. கடைக்கு வேற என்ன வேணும்? வடை இரிக்கா?"

"வடை இல்ல மாமி. வாழப்பழம் இரிக்கி."

"நல்லதாப் போச்சு. வடை எனக்கு நெஞ்சில நிக்கும்."

தாழ்வாரத்தில் மஹ்ரூப் இருமினார். சிரிக்கவில்லை.

உம்மு குல்சும் ஒரு புத்தகத்தை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு நபீஸாவின் மடியில் வைத்தார். "எனக்கு எழுத்துத் தெரியாது. நீ வாசி புள்ள, காத்து அடங்கு மட்டும்."

நபீஸா வாசித்தார். வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கப் பார்க்கும் ஒரு மனிதனின் கதை. எல்லோருக்கும் முன்னால், முதுகைச் சாய்த்து இருந்து வாசித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்தது. வழக்கம்போல டிக்கட்டைச் செருகி எழும்பினார்.

"எங்க போறாய்?" என்றார் உம்மு குல்சும்.

"முகம் கழுவிட்டு வாறன் மாமி."

"அந்த மனிசன் கழுத்தளவு தண்ணிக்குள்ள நிக்கான். நீ முகம் கழுவப் போறியா? இரி."

நபீஸா இருந்தார். சூட்டோடு சூடாக மேலே வாசித்தார். ஒருவரும் தேத்தண்ணியைத் தொடவில்லை.

தாழ்வாரத்தைப் பார்த்தேன். மஹ்ரூப் அங்கே இல்லை. பின்பக்கம் வாளிச் சத்தம் கேட்டது. பிறகு தேங்காய்த் தும்பால் தேய்க்கும் சத்தம், நெடுநேரம்.

வந்தவர் என்னிடம் வரவில்லை. நேராக வாங்குக்கு முன்னால் போய், நபீஸாவிடம் இரண்டு கைகளையும் நீட்டினார். உள்ளங்கையைக் காட்டினார், புறங்கையைத் திருப்பினார். ரேகைகளிலும் நகக்கண்ணிலும் எண்ணெய் அப்படியே இருந்தது. நான் என்றால் அந்தக் கையைத் திருப்பி அனுப்பியிருப்பேன். நபீஸா வாசிப்பை நிறுத்தாமல் அந்தக் கைகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தபடியே, வாசல் பக்கத்து நுனியில் ஓர் ஆள் இருக்குமளவுக்கு நகர்ந்து கொடுத்தார்.