மூன்றாவது முறை கருகிய ஸ்பீக்கர்

அண்ணனின் வேனில் சப்வூஃபர் ஸ்பீக்கர் மூன்றாவது முறையாகச் சூடேறிக் கருகியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மாட்டியவன் நான். இன்ஜினீயரிங் முடித்த கையோடு, ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் அதைப் பொருத்திக் காட்டியதில் அன்றைக்கு அப்படியொரு பெருமை.

முதல் முறை கருகியபோது ஒயர் மெலிசு என்று மாற்றினேன். இரண்டாம் முறை, காற்றோட்டம் போதவில்லை என்று பெட்டியை நகர்த்தினேன். ஆம்ப்ளிஃபயரில் அதிரும் பேஸ் ஒலியைக் கூட்டும் திருகை மீட்டர் வைத்து அளந்து குறைத்து, ஒயிட்னரால் ஒரு கோடும் போட்டேன். அதைத் தாண்டினால் சத்தம் கிழியும், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் வெந்துபோகும்.

இந்த முறை, திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில், சாவி போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். வார்னிஷ் எரிந்த நாற்றம். திருகு கோட்டைத் தாண்டிக் கடைசிவரை போயிருந்தது.

"யாருண்ணா இதத் திருகனது?"

அண்ணன் பக்கத்தில்தான் நின்றான். பதில் இல்லை. தோளைத் தட்டிக் கேட்டேன்.

"நான்தான். இன்னா இப்போ?"

"கொரகொரன்னு கிழியுமே, அதுகூடவா கேக்கல? காதுல பஞ்சு வெச்சிக்கினா ஓட்ற?"

அவன் சிரிக்கவில்லை. "பாட்டு எங்கடா கேக்குது? முதுகுல திம்முனு அடிச்சாதான் ஓடுதுன்னே தெரியுது."

போன வாரம் விக்கிரவாண்டி டோல்கேட்டில் பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தும் இவன் அசையவில்லை. கெத்து காட்டுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். போன் பண்ணாதே, மெசேஜ் போடு என்று அவன் சொல்ல ஆரம்பித்தே பல மாதங்கள் இருக்கும்.

"எத்தினி நாளா?" என்றேன். அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வருசம் இருக்கும். அம்மாகிட்ட உளறிடாத. லைசென்ஸ் வேற புதுப்பிக்கணும், டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க. வேற தொழில் இன்னாடா தெரியும் எனக்கு?"

நான் வேனிலிருந்து சாவியை உருவி எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் பன்னெண்டு பேரு சொல்லிட்டாங்க. சாவியக் குடு, விழுப்புரம் போயி ஜல்தியா வேற ஸ்பீக்கர் வாங்கியாறேன்."

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. திரும்பி, கருகிய ஸ்பீக்கரைப் பார்த்தபடி, "தர மாட்டேண்ணா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தபோதும் அவன் கையை நீட்டிக்கொண்டேதான் நின்றான்.